பின்லாந்து அம்மாள் என்ன சொன்னார்?

எங்கள் நெசவாளர் சங்கத்தில் அப்போது செயலாளராக இருந்தவர் பொய் சொன்னார். அதுவும் என் மனைவியின் கைவேலையைப் பற்றி, சங்கத்தார் அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்.

எழுபதுகளில் நடந்தது. பின்லாந்தில் நெசவு சொல்லிக்கொடுக்கும் ஒரு அம்மாள் எங்கள் கோர்வை வேலையைப் பார்க்க வந்தார். சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் நெய்யும்போதே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வரவேண்டும். அதுதான் கோர்வை. உடலுக்கு ஊடை நூல் ஓட்டும் நாடாவை நான் போடுவேன், கரைக்கு என் மனைவி. சேரும் இடம் அவள் கையில்தான் இருந்தது.

அந்த அம்மாளுக்குத் தன் ஊர்ப் பாஷை மட்டும்தான் தெரியும். அதைப் பிரெஞ்சில் சொல்ல அவர் ஒருவரைக் கூட்டி வருவதாக இருந்தது. பிரெஞ்சைத் தமிழில் சொல்லப் புதுச்சேரி வாத்தியார் ஒருவரைச் சங்கம் ஏற்பாடு செய்திருந்தது. நடுவில் இருக்க வேண்டிய ஆள் மெட்ராஸிலேயே வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார். அம்மாள் மட்டும் டாக்சியில் வந்து இறங்கினார். வாத்தியார் பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். அம்மாள் சிரித்தார். அவ்வளவுதான்.

ஊரில் இத்தனை வெள்ளைக்காரர்கள் சுற்றுகிறார்களே, ஒருத்தரைப் பிடித்து வா என்று செயலாளர் என்னை விரட்டினார். சைக்கிளில் ஏகாம்பரநாதர் கோயில், லாட்ஜு, பஸ் ஸ்டாண்டு எல்லாம் அலைந்தேன். கோபுரத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு தாடிக்காரனைக் கூட்டி வந்தேன். அவனுக்கும் வாத்தியாரைப் போலப் பிரெஞ்சுதான் தெரிந்தது, பின்லாந்துப் பேச்சு தெரியவில்லை. சங்கத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர் கேட்டார்:

"ஆத்துக்கு இந்தாண்டயே ரெண்டு பேர நிக்க வெச்சிக்கினு இன்னாபா பண்ணப் போற?"

வேறு வழியில்லாமல் சும்மா நெய்து காட்டினோம். முடித்து வைத்திருந்த சேலை ஒன்றைப் பிரித்துப் போட்டோம். அம்மாள் அதைத் திருப்பிப் போட்டு, கோர்வை நெடுக விரலால் தடவிப் பார்த்தார். எங்கள் ஊரில் துணியைத் திருப்பினால் குறை தேடுகிறார்கள் என்று அர்த்தம். அவர் ஊரில் அதற்கு என்ன அர்த்தமோ, யாருக்குத் தெரியும்? பிறகு என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். கண் கலங்கியிருந்தது. வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்சி போனதும் செயலாளர் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார்:

"கோர்வ சரியில்லன்னு சொல்லிட்டுப் போறாங்க அந்தம்மா."

அதற்குப் பிறகு சங்கம் எங்களுக்குக் கோர்வை வேலை கொடுக்கவே இல்லை. கரையில்லாத சாதாச் சேலைதான். என் மனைவி உட்கார்ந்த பக்கம் காலியானது. அவள் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்:

"திட்டியிருந்தாலும் திட்டட்டும். இன்னா சொன்னாங்கன்னு மட்டும் கேட்டு சொல்லுங்க."

யாரைக் கேட்பது? அம்மாளின் விலாசம்கூட எங்களிடம் இல்லை. புதுச்சேரிக்குப் போனேன். தனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, செயலாளரிடம் தான் எதுவும் சொல்லவில்லை என்றார் வாத்தியார். மெட்ராஸில் படுத்திருந்தவரும் ஊருக்குப் போய்விட்டார். இருந்திருந்தால் மட்டும் என்ன? அந்தப் பேச்சு அவர் காதிலேயே விழவில்லையே. புரியாத பேச்சை நான் ஞாபகம் வைத்துக்கொண்டு போய்ச் சொல்லவும் முடியாது.

அந்தச் செயலாளர் இன்னும் மேடை ஏறி மாலை போட்டுக்கொள்கிறார்.

ஐயா, அடுத்த முறை மைக்கைப் பிடிக்கும்போது ஊரே கேட்கும்படி சொல்லும்: அந்த அம்மாள் பேசியதை உமக்குத் தமிழில் சொன்னவர் யார்?