தண்ணீர்மலையில் எடுத்த முடி

என் மகனுக்கு நான்கு வயதாகியும் முதல் முடி எடுக்கவில்லை. தாய்மாமன் கடல்தாண்டி இந்தியாவில் இருந்ததால் என் மடியில் உட்கார வைத்துத்தான் எடுக்க வேண்டும். நானோ ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஏதாவதொரு கப்பலில் வேலையாக இருந்தேன். "அப்பா வந்ததும் எடுக்கலாம்" என்று சொல்லியே அவன் அம்மா சடை பின்னிவிடுவாள்.

அந்த வருடத் தைப்பூசத்துக்கு வந்தேன். மாட்டு வண்டியில் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனோம். வழியில் தேங்காய் சிதறுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவன், நாவிதரைக் கண்டதும் இரண்டு கையாலும் சடையைப் பிடித்துக்கொண்டான்.

"பொம்பளப் புள்ள மாதிரி சடையோடவே திரியப் போறியா?" என்றார் அவர்.

"திரியுறேன். முடி எடுத்துட்டா அப்பா போயிடுவாரு."

இரண்டு நாள் கழித்துப் புறப்படும் ரங்கூன் கப்பலில் ஏற்கெனவே வேலைக்குப் பதிந்து, அந்தச் சீட்டை இடுப்பில் செருகியிருந்தேன்.

"போகமாட்டேன்டா" என்றேன்.

கையை எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து கொடுத்தான்.

அவன் தூங்கும்போது கிளம்பினேன். அந்த மழைக்காலத்துக் காய்ச்சலில் அவன் இறந்துபோனான். கடிதம் ரங்கூனுக்கு வந்தது. முடி காதைத் தாண்டி வளர்ந்திருந்ததாம். நீளமாக வளர்ந்தால்தான் அப்பா வருவார் என்று சொல்லி, யாரையும் வெட்ட விடவில்லையாம்.