ஆறாவது வரியில் இருந்த பெயர்

"அறுபத்திரண்டு வயதில் தொல்லியல் படித்து என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அன்று கேட்டார்கள்.

"எங்கள் காலடிப்பேட்டைத் தெருக்கோயில் கல்வெட்டைப் படிப்பேன்" என்றேன்.

மொத்தம் பதினொரு வரி. போன வாரம் குறிப்பேட்டில் ஐந்து வரி எழுதி முடித்ததும் நடை சாத்திவிட்டார்கள். மீதியைப் படியெடுக்க இன்று தாளும் மையுமாகப் போனேன்.

எழுத்துப் பள்ளங்களில் சிமென்ட். மேலே பச்சை எனாமல். அதன்மேல் கொட்டை எழுத்தில் உபயதாரர் பெயர்.

"இன்னா வாத்யாரே, கலீஜா கெடந்த செவுரு எப்டி பளபளன்னு கீது பாத்தியா!" என்றார் நிர்வாகி.

"அதுல எழுத்து இருந்துச்சேப்பா?"

"அத்த எவன் பட்ச்சான்? இவரு பேர ஊரே பட்ச்சிக்கினு போவுது!"

குறிப்பேட்டைத் திறந்தேன். நான் எழுதிய ஐந்தாவது வரி, 'விளக்கெரிக்க நிலம் கொடுத்தவன்' என்று நிற்கிறது. கொடுத்தவன் பெயர் ஆறாவது வரியில் இருந்தது.

உங்கள் தெருக்கோயில் சுவரில் எழுத்து இருந்தால், இன்றே ஒரு படம் எடுத்து வையுங்கள்.