பெரியப்பாவின் பாட்டுப் பெட்டி

கணபதி என்ற ஊரில் இருந்த பெரியப்பா இறந்த அன்று, பக்திப் பாட்டு போடுவதற்காகப் பெரியம்மா அவருடைய கையடக்கப் பாட்டுப் பெட்டியை எடுத்து வந்தார். பிடித்த பாட்டையெல்லாம் காசு கொடுத்து வாங்கி அதில் ஏற்றி வைத்திருந்தார் பெரியப்பா. "மாசச் சந்தா கட்டுனா உலகத்துப் பாட்டெல்லாம் போனுக்கே வருமுங்க" என்று அவரிடம் பலமுறை அலட்டியவன் நான். அன்றைக்கும் விடவில்லை. "அதெதுக்குங்க பெரியம்மா, நான் போடறனுங்க" என்று என் போனை ஸ்பீக்கரோடு இணைத்தேன்.

சந்தா முடிந்து போயிருந்தது எனக்கு நினைவே இல்லை. இரண்டாவது பாட்டு பாதியில் நின்றது. ஒரு பெண் குரல் துள்ளிக்கொண்டு, "உங்கள் வீட்டில் விசேஷமா? பட்டுச் சேலைக்கு அதிரடித் தள்ளுபடி!" என்றது. அழுதுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "ஏனுங்க, எழவு ஊட்டுல என்னங்க இது?" என்றார் ஒருவர். சத்தத்தைக் குறைக்கக்கூடத் தோன்றாமல், விளம்பரம் முடியும்வரை பிணத்தின் முன்னால் மாடு மாதிரி நின்றேன்.

பெரியம்மா திட்டியிருந்தால் தேவலை. பெட்டியை என் கையில் வைத்து, "இதையப் போடு கண்ணு, இது நடுவுல பேசாது" என்றார்.