தூங்கும் மகளைக் காட்டிய பெண்

என் மகள் சுமதி வேலை பார்க்கும் ஃப்ளோரிடாவில் புயல் கரையைக் கடந்த அன்று, காலையிலிருந்து அவள் போன் எடுக்கவில்லை. ஐயம்பேட்டை வீட்டில் தறியில் உட்கார்ந்த எனக்குக் கையே ஓடவில்லை. அவசரத்துக்கு என்று அவள் எப்போதோ அனுப்பிய, அங்கே அவளுடைய பக்கத்து வீட்டு நம்பர் ஞாபகம் வந்தது. "அங்க யார்கிட்டயும் பழகாத" என்று அப்போது அவளைத் திட்டியிருந்தேன்.

அந்த நம்பருக்கு வீடியோ கால் போட்டேன். என் வயதுப் பெண் ஒருத்தி மெழுகுவர்த்தியோடு வந்தாள். அவள் பேசியது இங்கிலீஷ்கூட இல்லை.

"சுமதி, சுமதி" என்றேன்.

அவள் உதட்டில் விரல் வைத்து, போனைத் திருப்பினாள். சோபாவில் என் மகள் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அழுதுவிட்டேன். அந்தப் பெண் போனை வைக்கவில்லை. என் பின்னால் இருந்த தறியைக் காட்டி ஏதோ கேட்டாள். ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவை ஓட்டிக் காட்டினேன். கண் எடுக்காமல் பார்த்தாள்.

மறுநாள் சுமதி பேசினாள். "போன்ல சார்ஜ் இல்லமா. ஆறு மாசமா ஞாயித்துக்கிழமையானா அவங்க வீட்லதான் சாப்டுக்கினு இருக்கேன். நீ திட்டுவேன்னு சொல்லல."

பெற்ற மகள் இதைக்கூட மறைக்கும்படி வைத்திருந்தேனே என்று உறுத்தியது.

"அவங்க பேரு என்னமா?" என்று கேட்டேன்.