ஒழுகும் சால்வை

1986 ஜூலை 12, சனிக்கிழமை. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். சாரலில் காயாத சட்டையைத் தேய்த்தே காயவைத்தேன். பிறகு குற்றாலத்திலிருந்து டவுன் பஸ்ஸில் மனைவியுடன் தென்காசிக்குப் போனேன். மாதர் சங்கத்துக் கைவேலைக் கண்காட்சியில் அவளுடைய சால்வையும் இருந்தது.

முழுக்கப் பிளாஸ்டிக் பை. சீசனுக்கு வருகிறவர்கள் எண்ணெயும் சீயக்காயும் கொண்டுவந்த பைகளை அருவிக்கரையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். அவற்றைப் பொறுக்கி, சோப்புப் போட்டு அலசி, நாடாவாக வெட்டி, குரோஷா ஊசியால் பின்னியிருந்தாள். வெள்ளையும் நீலமும் தாராளமாகக் கிடைத்தன. சால்வையின் கரைக்குச் சிவப்புதான் சிக்கவில்லை.

ஆடி பிறப்பதற்குள், திங்கட்கிழமை, கடையத்தில் என் தங்கை மகள் கல்யாணம். கண்காட்சியில் இதை உடுப்பென்று ஒத்துக்கொண்டால் போட்டுக்கொண்டு வருவேன், இல்லையென்றால் பிரித்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். பந்தலில் அவள் பக்கத்தில் நடக்கவேண்டியவன் நான். ஆகவே முடிவை ஆவலோடு எதிர்பார்த்தேன்.

நடுவராக வந்த டாக்டர் வீட்டம்மா ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்துச் சால்வைமேல் ஊற்றினார். பிளாஸ்டிக்கை மேலே போட்டால் அது சாரலுக்குத்தான். எங்கள் பக்கத்தில் வேறு காரணம் கிடையாது.

"ஒழுகுதே."

"இது மழைக்கு இல்லம்மா. அழகுக்குப் போடுதது."

"அழகுக்குப் பட்டு கெடக்குல்லா?"

பக்கத்து மேசையில் முறுக்குக்குக் காவல் நின்றவள் சமாதானம் செய்தாள். "கீரை அலச நல்லாருக்கும்க்கா. தண்ணி நிக்காதுல்லா."

மழைக்காலப் பொருள்கள் வரிசையில் ஆறுதல் பரிசு கொடுத்தார்கள். வரிசையில் இருந்தவை இரண்டு. முதல் பரிசு பனையோலைத் தொப்பிக்கு. இவளுக்குச் சோப்பு டப்பா, புத்தம்புதிய சிவப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டு.

திரும்பும் பஸ்ஸில் ஈரச் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். "பிரிச்சிரட்டுமா?" என்றாள்.

"உன் இஷ்டம்" என்றேன், மிகுந்த பெருந்தன்மையுடன்.

முன்சீட்டில், மடியில் தேங்காய் மூட்டையோடு இருந்த வடகரை ஊர்க்காரி திரும்பிப் பார்த்தாள். சால்வையின் ஓரத்தை இரு விரலால் தடவினாள்.

"இது எந்தக் கடைல எடுத்தது, மதினி?"

மனைவி என்னைப் பார்த்தாள். ஒருத்தி சொன்னால் ஆயிற்றா என்று மெல்லக் கேட்டேன்.

"மழைக்கான்னு கேக்கலல்லா. போதும்."

மறுநாள் காலை பால்கூட வாங்கவில்லை. முதல் வேலையாகச் சோப்பு டப்பாவை வெளியே எடுத்து வைத்துவிட்டு, சிவப்புப் பையை அலசித் துடைத்து, ஒரு முனையை என் கையில் கொடுத்தாள்.

"இழுத்துப் பிடிங்க. கோணாம வெட்டணும்."