பௌர்ணமிக்கு வந்த ஃபுல் ஹெச்.டி.

1. சிஸ்டர் கேட்ட கேள்வி

"உங்க வீட்ல எந்த டிவி இருக்கு தம்பி?"

டிவி கடையில் நிற்கும் எந்த சேல்ஸ்மேனும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. விலை, கேரண்டி, சர்வீஸ் எல்லாம் விசாரித்து, ரெண்டு மாடலுக்கு நடுவில் மனசு நிலையில்லாமல் நிற்கும்போது வாடிக்கையாளர் இதைக் கேட்பார். அதற்கான பதிலை முதலாளி எனக்கு எப்போதோ சொல்லிக் கொடுத்திருந்தார். "எதை விக்கணுமோ அது தான்டா உன் வீட்ல இருக்கு. வேற எதையும் உளறாதே."

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். 1989-ல் திருவண்ணாமலையில் ஒரு டிவி கடையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். ஆன்டெனா மாட்ட மாடி மாடியாக ஏறினேன். பிறகு பில் போடும் மேசைக்குப் பக்கத்தில் நின்று நின்று விற்கக் கற்றுக்கொண்டேன். அன்றைக்கு வாங்க வருபவர்களுக்குக் குழப்பமே கிடையாது. கருப்பு வெள்ளையா, கலரா? கதவு வைத்த பெட்டியா, வைக்காததா? அவ்வளவுதான்.

ரெண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் தட்டை டிவிகள் வந்தன. பெட்டி மேல் எல்லாம் இங்கிலீஷ். ஹெச்.டி. ரெடி, ஃபுல் ஹெச்.டி., ரெசல்யூஷன். கம்பெனி ஆள் வந்து ஒரு மணி நேரம் விளக்கினார். எனக்கு மனசில் நின்றது ரெண்டு நம்பர் மட்டும்தான். ஹெச்.டி. ரெடி என்றால் ஆயிரத்து முந்நூற்று அறுபத்தாறு, ஃபுல் ஹெச்.டி. என்றால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. நம்பர் ஜாஸ்தி என்றால் படம் நல்ல படம். இதற்கு மேல் யாராவது ஒரு கேள்வி கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. கேட்டுவிடப் போகிறார்களே என்று நானே வாயை மூடாமல் பேசிக்கொண்டிருப்பேன்.

வசந்தா சிஸ்டர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊரை ஒட்டியுள்ள வேங்கிக்காலில் புது வீடு கட்டியிருந்தார். அவர் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது. நியூஸ் சேனலில் கீழே ஓடும் எழுத்தை அந்த மனுஷர் யார் தயவும் இல்லாமல் படிக்கணும். சிஸ்டருக்கு அது ஒன்றுதான் தேவை. ஹெச்.டி. ரெடி போதுமா, ஃபுல் ஹெச்.டி. வேணுமா என்று கேட்டு மூன்றாவது முறையாக வந்திருந்தார். ஃபுல் ஹெச்.டி. விற்றால் எனக்கு இன்சென்டிவ் உண்டு.

"எங்க வீட்லயும் இதான் சிஸ்டர்" என்று ஃபுல் ஹெச்.டி.யைக் காட்டினேன். "ஆறு மாசமா ஓடுது. கீழ ஓடுற எழுத்து அச்சடிச்ச மாதிரி தெரியும்."

எங்கள் வீட்டில் இருந்தது அரசாங்கம் கொடுத்த பதினாலு இஞ்ச் இலவச டிவி.

வீடு எங்கே என்று கேட்டார். அடி அண்ணாமலை, கிரிவலப் பாதையை ஒட்டித்தான் என்று சொல்லித் தொலைத்தேன். பொய்யோடு சேர்ந்து ஒரு உண்மையையும் சொன்னால் பொய் கெட்டியாக நிற்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

சிஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. இந்தப் பௌர்ணமிக்கு நான் வலம் வர்றேன். உங்க வீட்ல அஞ்சு நிமிஷம் உக்காந்து பாத்துட்டு முடிவு பண்றேன். கடையில எல்லாமே நல்லாத்தான் தெரியுது தம்பி."

2. டிஸ்ப்ளே பீஸ்

முதலாளியிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், சிரித்தார். அந்தம்மா ஒண்ணு வாங்கினால் அவர் தெருவில் இன்னும் நாலு பேர் வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டார். கடையில் பார்வைக்கு வைத்திருந்த டிஸ்ப்ளே பீஸை வீட்டுக்கு எடுத்துப்போய், அவர் பார்த்துவிட்டுப் போனதும் திருப்பிக் கொண்டுவரச் சொன்னார். ஒரு கீறல் விழுந்தாலும் சம்பளத்தில் பிடித்துக்கொள்வாராம்.

பௌர்ணமி அன்று பாதையில் வண்டி விடமாட்டார்கள். அதனால் முந்தின நாளே கடை டெம்போவில் ஏற்றினோம். திரும்ப எடுப்பதும் கூட்டம் வடிந்த பிறகுதான். வழி முழுக்க நான் பயந்தது டிவிக்காக. குழி வந்தால் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வீட்டில் என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை.

டெம்போ நின்றதும் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா அக்கா வெளியே வந்துவிட்டார். என் மனைவி தேவகி பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எனக்குக் கூட சொல்லலியே" என்றாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை.

அப்போதே சொல்லியிருக்கணும். பச்சையம்மா அக்கா நிற்கிறாரே, உள்ளே போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். உள்ளே போனால் என் மகள் டிவிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். சாப்பிட்டுச் சொல்லலாம் என்று தள்ளினேன். அதற்குள் தேவகி டிவியின் நாலு மூலைக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டாள். கம்பெனி டிஸ்ப்ளே பீஸின் பளபளப்பான கருப்பு ஃப்ரேமில் குங்குமம்.

இன்னொரு விஷயமும் அன்றைக்குத்தான் நடந்தது. அந்த டிவியில் கேபிள் ஒயரைச் செருகி நான் முதல் முறையாகப் பார்த்தேன். கடையில் எப்போதும் கம்பெனி கொடுத்த டெமோ டிஸ்க்தான் ஓடும். கிளி, மீன், இலை மேல் தண்ணீர்ச் சொட்டு. இங்கே நியூஸ் வாசிப்பவரின் முகம் அகலமாக இழுபட்டு, தண்ணீரில் நனைந்த போஸ்டர் மாதிரி இருந்தது. கீழே ஓடும் எழுத்தெல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடியது. ரிமோட்டில் என்னென்னவோ அழுத்தினேன். இவ்வளவு வருஷம் டிவி விற்றவனுக்கு அது ஏன் அப்படித் தெரிகிறது என்று தெரியவில்லை.

3. ஆறு மாசம்

சிஸ்டர் பௌர்ணமி அன்று சாயங்காலம், கூட்டம் சேருவதற்கு முன்னாலேயே வந்துவிட்டார். வெறுங்காலோடு பாதிச் சுற்று நடந்து வந்த களைப்பு. தேவகி நாற்காலியைத் துடைத்துப் போட்டு மோர் கொடுத்தாள். சிஸ்டர் குடித்துவிட்டு நியூஸ் சேனலைப் போடச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். பிறகு ஃப்ரேமைப் பார்த்தார்.

"குங்குமம் புதுசா இருக்கே" என்றார் தேவகியிடம்.

"நேத்து தாங்க சிஸ்டர் வந்துச்சு. சொல்லாம கொள்ளாம இறக்கிட்டாரு" என்றாள் அவள், பெருமையாக.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. "ஆறு மாசமா ஓடுதுன்னீங்களே தம்பி."

தேவகி முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது. அவளுக்குப் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. விலை எழுதிய கடை ஸ்டிக்கரை நான் உரித்த இடத்தில் பிசுபிசுப்பு இருந்தது. அவள் கண் அங்கே போய் நின்றதை நான் பார்த்தேன்.

சிஸ்டர் மூலையில் துணி போட்டு மூடியிருந்த சின்ன டிவியைக் காட்டி, "அதுல இந்த ஒயரைப் போடுங்க" என்றார். போட்டேன். பதினாலு இஞ்சில் எழுத்து சின்னதுதான். ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக, நறுக்கென்று ஓடியது.

"பெருசுல ஏன் இப்படித் தெரியல?"

"தெரியல சிஸ்டர்" என்றேன். ரெசல்யூஷன் பற்றி நான் அவரிடம் சொன்ன முதல் உண்மை அது.

அவர் எழுந்து தேவகியிடம் மட்டும் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு, மீதிச் சுற்றுக்குக் கிளம்பிவிட்டார்.

4. திரும்பிப் போனது

தேவகி சண்டை போடவில்லை. ஈரத்துணியால் ஒரு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை குங்குமத்தைத் துடைத்தாள். இடுக்கில் இறங்கியதைத் தீக்குச்சி முனையில் துணியைச் சுற்றி எடுத்தாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள்.

மறுநாள் டெம்போ வந்தது. கடை யூனிஃபார்மில் ரெண்டு பேர் பெட்டியைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். பச்சையம்மா அக்காவோடு தெருவில் இன்னும் நாலைந்து பெண்கள் நின்றார்கள். மகள் டெம்போவின் பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்து போய்விட்டுத் திரும்பினாள்.

பச்சையம்மா அக்கா கேட்டுவிட்டார். "இன்னா தேவகி, டியூ கட்டலியா?"

நான் வாசலில்தான் நின்றேன். கடை சாமான் அக்கா, ரெண்டு நாளைக்குக் கொண்டுவந்தேன் என்று நான் சொல்லியிருக்கலாம். ஏன் கொண்டுவந்தாய் என்று அடுத்த கேள்வி வரும்.

தேவகி என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "ஆமாக்கா. கட்ட முடியல."

5. கடையில்

நாலைந்து நாள் கழித்து சிஸ்டர் கடைக்கு வந்தார். நான் எழுந்தேன். "நீங்க இருங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு சேல்ஸ்மேனிடம் போனார். கேபிள் ஒயரைப் போட்டுக் காட்டச் சொல்லி, ஹெச்.டி. ரெடியில் சின்ன சைஸாகப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார். முதலாளியிடம் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு திட்டு வாங்கியிருப்பேன், எனக்கும் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதற்குப் பிறகு சர்வீஸ் மெக்கானிக்கிடம் போய் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் சொன்னதை இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்கிரீனில் எத்தனை புள்ளி இருந்தாலும், ஒயரில் வருகிற படத்தில் அத்தனை புள்ளி இல்லையென்றால் டிவி என்ன செய்யும்? இருப்பதை இழுத்துப் பரப்பும். திரை பெரிதாக ஆக இழுவை பளிச்சென்று தெரியும். அதனால் முதலில் வாடிக்கையாளர் வீட்டில் என்ன லைன், கேபிளா டிஷ்ஷா என்று கேளுங்கள். எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள், யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். டெமோ டிஸ்க்கை நிறுத்திவிட்டு அந்த லைனைப் போட்டுக் காட்டுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். ஆள் போய்விடுவார் என்று பயப்படாதீர்கள். எனக்கும் அந்தப் பயம்தான். பாதிப் பேர் போகமாட்டார்கள்.

இதெல்லாம் கடையில் சரி செய்துகொள்ள முடிந்தது. தெருவில் முடியவில்லை. இன்றைக்கும் பச்சையம்மா அக்கா வீட்டில் மிக்ஸியோ ஃபேனோ எது வாங்கினாலும் தேவகியைக் கூப்பிட்டு, தவணையில் மட்டும் வாங்காதே, முன்ன பட்டது போதும் என்று நல்ல மனசோடுதான் சொல்கிறார். தேவகி சரிக்கா என்று கேட்டுக்கொள்கிறாள். உள்ளே நான் இருப்பது அவளுக்குத் தெரியும். எழுந்து போய் நடந்ததைச் சொல்ல வாசல் வரைக்கும் போயிருக்கிறேன். அங்கிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவேன்.