ஐந்தடி இடம் கேட்டவர்

போன செவ்வாய்க்கிழமை காலை, பெருந்துறையில் ஒரு தளம் போடும் வேலையில் நின்றிருந்தபோது அமுதவல்லியின் தங்கை சுமதியின் அழைப்பு வந்தது. கலவை இயந்திரத்தின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. தள்ளிப் போய்க் காதில் வைத்தேன். "அண்ணா, அக்கா போயிருச்சுங்க" என்றார். அமுதவல்லிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒருமுறைதான் போய்ப் பார்த்தேன். "வெளிய போற நாள்ல பச்சத்தண்ணி குடிக்காதுங்க. போற எடத்துல எங்கீங்க போறதுன்னு கேக்கும். அதுதானுங்க கொண்டுபோயிருச்சு" என்று சுமதி அழுதார். நான் கழிப்பறை கட்டிப் பிழைக்கிறவன்.

பெரியநாயக்கன்பாளையத்தில் அவருடைய மோட்டார் வைண்டிங் பட்டறையை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள். இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு கால்களும் போனவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, எரிந்த மோட்டாருக்குப் புதிய செம்புக்கம்பி சுற்றுவார். சொன்ன நாளில் மோட்டார் ஓடும். ஆனால் அது ஏன் எரிந்தது என்று அவர் கேட்கும் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போக முடியாது. "எரிஞ்சதுக்கு காரணம் தெரியாம சுத்துனா மறுபடியும் எரியுமுங்க" என்பார். மழுப்புகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. நான் மழுப்புகிறவன்.

எங்கள் பழக்கம் ஒரு பேருந்து நிலையத்தில் தொடங்கியது. எந்த ஊர் என்பது வேண்டாம். அங்கே பொதுக் கழிப்பறை கட்டும் வேலை எனக்கு வந்தது. அதில் ஒரு அறை சக்கர நாற்காலிக்காரர்களுக்கு. வேலை முடிந்ததும் அந்த அறையைப் பார்த்துக் கையெழுத்திட அமுதவல்லியை நியமித்திருந்தார்கள். வரைபடத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. நாற்காலி சுற்றித் திரும்ப உள்ளே ஐந்தடி வட்டம் காலி. நாற்காலியிலிருந்து நகர்ந்து உட்கார, கழிப்பறைக் கோப்பைக்குப் பக்கத்தில் மூன்றடி. கதவு வெளிப்பக்கம் திறக்கும்.

கெடுத்தது நான். வரைபடத்தின்படி உட்கார்ந்தால் முகம் கிழக்கே பார்க்கும். எங்கள் பக்கத்தில் மாட்டுக் கொட்டகைக்குக்கூட வாஸ்து பார்ப்போம். கிழக்கே பார்த்துக் கழிப்பறையில் உட்காரச் சம்மதிப்போமா? யாரும் கேட்காமலே நானே மேஸ்திரி ரங்கசாமியிடம் கோப்பையை வடக்கே திருப்பச் சொன்னேன். திருப்பியதும் அதன் முன்பாதி ஐந்தடி வட்டத்துக்குள் வந்துவிட்டது. பக்கத்து மூன்றடி ஒன்றே கால் அடியானது. வெளியே வரிசையில் நிற்பவர்கள்மேல் இடிக்கும் என்று ரங்கசாமி கதவை உள்பக்கம் திறக்கும்படி மாட்டினார். நான் பார்த்தேன், தலையாட்டினேன்.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் மதியம் அமுதவல்லி வந்தார். பந்தல்காரர்கள் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே நாற்காலியை நிறுத்தினார்.

"ஏனுங்க இன்ஜினியருங்க, கதவு உள்ள தொறக்குதுங்களே?"

"சின்ன விசயமுங்க. கோப்பையும் வாஸ்துக்காக வடக்கத் திருப்பியிருக்கறனுங்க. நாளைக்கு விழா. கையெழுத்தப் போட்டுப்போடுங்க, அப்பறம் மாத்திக்கலாமுங்க."

"உக்காந்து பாக்காம நான் போடறதில்லீங்க. தள்ளி நில்லுங்க."

உள்ளே போனார். கதவைச் சாத்த அவர் முன்னும் பின்னும் மோதிக்கொண்டிருந்தது கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு நாற்காலி சுவரில் இடித்தது, கூடவே ஆள் விழுந்த சத்தம்.

கதவைத் தள்ளினேன். அசையவில்லை. "தள்ளாதீங்க" என்று உள்ளேயிருந்து குரல். "கதவுக்கும் கோப்பைக்கும் நடுவுல கெடக்கறனுங்க. தாழ்ப்பா எட்டமாட்டீங்குது." வெளிப்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால் கீலைக் கழற்றி எடுத்திருக்கலாம். கீல் உள்ளே இருந்தது. ரங்கசாமி கட்டர் மெஷினை எடுத்து வந்தார்.

"அம்மணி, எந்தப் பக்கமுங்க வெட்டறது?" என்று கத்தினார்.

"மேல வெட்டுங்க. கீழ என்ற தலை இருக்குது."

மெஷின் நின்று நின்று ஓடியது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் "இருக்கீங்களா?" என்று கேட்டேன். ஒருமுறை பதில் வரவில்லை. மறுபடி கேட்டேன், கதவை அறைந்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "வடக்கப் பாத்துத்தானுங்க விழுந்திருக்கறேன். உங்க வாஸ்து சரியா இருக்குது." வாழ்நாளில் என்னை யாரும் அப்படி அடித்ததில்லை.

மேல்பாதியை அறுத்து, ரங்கசாமி ஏறிக் குதித்து அவரைத் தூக்கினார். நெற்றி கிழிந்து ரவிக்கை வரை ரத்தம். வெட்கத்தோடு சொல்கிறேன், அப்போதும் என் மனம் நாளைய விழாவைத்தான் நினைத்தது. "படிவத்தக் குடுங்க" என்று அமுதவல்லி கை நீட்டினார். இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போடப்போகிறார் என்றே நம்பினேன். அவர் எழுதியது: 'நாற்காலி திரும்பவில்லை. ஏற்கவில்லை.' அதன் கீழே கையெழுத்து.

அந்தத் தாளைக் கிழித்துப்போட எனக்கு ஒரு ராத்திரி முழுக்க இருந்தது. அதை அவரும் அறிவார். ஆட்டோவில் ஏற்றும்போது, "அதிகாரிகிட்ட நீங்களே குடுங்க. நான் பாத்துக்கிட்டிருக்கமாட்டனுங்க" என்று மட்டும் சொன்னார். மறுநாள் விழா மேடைக்குப் பின்னால் கொடுத்தேன். என் தப்பு என்று சொன்னேன். ஊர் பார்க்கத் திட்டு வாங்கினேன். அந்த ஒரு அறையை மூடிவைத்து மற்றதைத் திறந்தார்கள். அடுத்த மாதம் அதை உடைத்து, வரைபடத்தில் இருந்தபடியே கட்டினோம், கிழக்கே பார்த்து. அமுதவல்லி வந்து உள்ளே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வெளியே வந்து கையெழுத்திட்டார். அதன் பிறகு எட்டுக் கட்டடங்களில் அவரைக் கேட்காமல் நான் கோப்பை வைத்ததில்லை.

இரங்கல் கூட்டத்தில் அவருடைய பொறுமையைப் புகழ்ந்தார்கள். பொறுமையா? அவரிடம் அது கொஞ்சமும் இருந்ததில்லை. இருந்தது கோபம்; ஒவ்வொரு சொல்லுக்கும் 'ங்க' போட்டு, விடாமல் பிடிக்கும் கோபம்.

கூட்டம் முடிந்து நேராக அந்தப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். அவருடைய அறை பூட்டியிருந்தது. பராமரிப்புக்காரர் சாவி கொண்டுவந்து திறந்தார். உள்ளே துடைப்பங்கள், பினாயில் கேன்கள், உடைந்த வாளிகள். அந்த ஐந்தடி வட்டம் முழுக்க ப்ளீச்சிங் பவுடர் மூட்டைகள்.

"யாருமே வர்றதில்லீங்களே" என்றார்.

"பூட்டியிருந்தா யாருங்க வருவாங்க?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எதிரே பேருந்துக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தேன். அவர் தடுக்க வந்தார். நான் விடவில்லை.

அமுதவல்லியின் நினைவாக என்னிடம் படமோ கடிதமோ கிடையாது. அந்தப் பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்துவிட்டேன். சாவியோடு பீளமேட்டில் என் அலுவலக மேசைமேல் இருக்கிறது. நேற்று நிலையத்திலிருந்து கேட்டு ஆள் அனுப்பினார்கள். தரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன்.